கடலடிக்குக் கீழே 250 மீட்டர்

ஒரு கேள்வி பல வருஷமாக எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. கேட்டவர் நார்வேக்காரர். எண்ணெய்க் கிணற்றுக்கு இடம் குறிக்கும் குழுவில் இருந்தவர், அப்போதே அறுபதை நெருங்கியிருந்தார். நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் நாங்கள் எடுத்த முப்பரிமாண சீஸ்மிக் படத்தை, அதாவது கப்பலிலிருந்து ஒலி அனுப்பிப் பாறை அடுக்குகளின் எதிரொலியிலிருந்து எடுத்த படத்தை, திரையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த இலக்கு அழகாக வந்திருந்தது. அவர் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, “சரி, கடலடியிலிருந்து முதல் 300 மீட்டரில் என்ன இருக்கிறது? அதைக் காட்டுங்கள்” என்றார். படத்தை மேலே ஏற்றினேன். ஒலி போய்வர 560 மில்லிநொடி எடுக்கும் ஆழத்தில் ஒரு கிடைவெட்டு. கடலடிக்குச் சுமார் 140 மீட்டர் கீழே. திரை முழுக்கக் கோடுகள். கோரைப்பாயை விரித்துப் போட்டதுபோல ஒரு வெளிறிய பட்டை, ஒரு கருத்த பட்டை, மறுபடி வெளிறிய பட்டை என்று ஒரே சீராக ஓடின. நடுவே ஏதோ ஒரு வளைவு, பழைய ஆற்றுத்தடம் போல ஒன்று, துண்டு துண்டாகத் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “இது பாறையா, உங்கள் கப்பலா?” என்று கேட்டார்.

மேல் அடுக்குகள் இந்த ஆய்வின் நோக்கம் இல்லை, அதற்குத் தனியாகச் சிறிய கப்பல் வரும் என்று சொன்னேன். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அவரும் மேலே வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது மட்டும் 1985-ஐப் பற்றிச் சொன்னார். அந்த வருஷம் அக்டோபரில் நார்வேயின் நடுக்கரைக்கு அப்பால், ஹால்டன்பாங்கன் பகுதியில், ‘வெஸ்ட் வான்கார்ட்’ என்ற மிதவைத் தளம் துளையிட ஆரம்பித்த கொஞ்ச ஆழத்திலேயே வாயு நிறைந்த மணலைத் தொட்டுவிட்டது. கிணற்று வாயை அடைக்கும் பெரிய வால்வு தொகுதியை அப்போது இன்னும் பொருத்தியிருக்கவில்லை. தளம் தீப்பிடித்தது. ஒருவர் இறந்தார். “ஆழத்தில் இருப்பதை எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் மேலே இருப்பதைக் கேட்பேன்” என்றார் அவர்.

## 450

அன்று இரவு வேலை நேரம் முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வடக்கே கோடைகாலத்தில் இரவென்று ஒன்று கிடையாது. நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே நிற்கும். கப்பலில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கருவி அறைக்குத் திரும்பிப் போய் அந்தக் கிடைவெட்டைத் திறந்து, கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தேன். ஒரு வெளிறிய பட்டையின் நடுவிலிருந்து அடுத்த வெளிறிய பட்டையின் நடு வரை 450 மீட்டர். அடுத்ததும் 450. எங்கே அளந்தாலும் 450.

அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. நாங்கள் இழுத்துப் போனது எதிரொலியைக் கேட்கும் 12 கேபிள், ஒவ்வொன்றுக்கும் இடையே 75 மீட்டர், அழுத்தக் காற்றை வெடித்து ஒலி எழுப்பும் இரண்டு ஏர்கன் தொகுதிகள். ஒருமுறை போனால் படம் கிடைக்கும் அகலம் 450 மீட்டர். அதனால் கப்பல் ஓட்டும் வரிசைகளுக்கு இடையே வைத்திருந்த தூரமும் அதுவே. இந்தப் பாறை படிந்து கோடிக்கணக்கான வருஷம் ஆகிறது. எங்கள் கப்பல் எந்த இடைவெளியில் போய்வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்? பெரியவரின் கேள்விக்குப் பதில் அதில் இருந்தது. அவருக்கு நான் காட்டியது கப்பலைத்தான்.

காரணம் தேடுவது கடினமாக இல்லை. காகிதத்தில் போட்ட கணக்கே போதுமாக இருந்தது. ஏர்கன் நடுவில் இருக்கிறது, கேபிள்கள் அதற்குப் பின்னால் விசிறிபோல விரிந்து வருகின்றன. நடுக்கேபிளின் முதல் ஹைட்ரோஃபோன், அதாவது நீருக்கடியில் கேட்கும் மைக், ஏர்கன்னிலிருந்து சுமார் 150 மீட்டரில் இருக்கிறது. ஓரத்துக் கேபிள் பக்கவாட்டிலேயே 400 மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், அதன் முதல் ஹைட்ரோஃபோன் சுமார் 440 மீட்டரில். அங்கே கடல் ஆழம் 350 மீட்டர். அப்படியானால் அந்த ஹைட்ரோஃபோனுக்கு வரும் முதல் எதிரொலி கடலடியை 32 டிகிரி சாய்வில் தொட்டுத் திரும்பியிருக்கிறது. பேரன்ட்ஸ் கடலின் அடித்தளம் ஒரு காலத்தில் கிலோமீட்டர் கணக்கான பாறைக்கு அடியில் புதைந்து இறுகி, பிறகு மேலெழும்பி, பனியாறுகள் சுரண்டித் தள்ளியதில் வெளியே வந்தது. மெல்லிய சேற்றுப் படிவத்துக்கு அடியிலேயே கெட்டிப் பாறை. அதில் ஒலி நொடிக்கு 3000 மீட்டர் போகிறது என்று வைத்தால், நீரில் 1500 என்பதால், மாறுநிலைக் கோணம் 30 டிகிரி; அதைத் தாண்டிச் சாய்ந்து வரும் ஒலி பாறைக்குள் புகாமல் திரும்பிவிடும். ஓரத்துக் கேபிள் கடலடியிலிருந்து கேட்கும் முதல் ஒலியே அந்தக் கோணத்தைத் தாண்டிவிட்டது. பாறைக்குள் 50 மீட்டர் கீழே இருக்கும் அடுக்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அடுக்கை ஒலி 50 டிகிரிக்கும் மேல் சாய்ந்து தொடுகிறது. அவ்வளவு சாய்வான ஒலியைப் படமாக்கும்போது அது ரப்பர் மாதிரி இழுபட்டுவிடும். அதனால் வெட்டி எறிந்துவிடுவோம். படமாக்கும் மென்பொருளில் அந்த வெட்டும் எல்லையை வரைந்தது நான்தான். நடுக்கேபிள்களுக்குக் கீழே படம், ஓரக்கேபிள்களுக்குக் கீழே வெறுமை, 450 மீட்டருக்கு ஒருமுறை.

கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தால் எதிர்ச்சுவர்தான் தெரியும். தண்ணீர் தெரிய வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிய வேண்டும். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிணற்றில் அப்படிக் குனிந்ததற்கு அடி வாங்கியிருக்கிறேன். கிணறு ஆழமில்லாமல் அகலமாக இருந்தால் தள்ளி நின்றாலும் கொஞ்சம் தெரியும் என்று வாதாடலாம். இங்கே அதற்கு நேர்மாறு: கண்ணிலிருந்து இலக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அவ்வளவு நேர்மேலே நிற்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு 440 மீட்டர் தள்ளி நிற்பது ஒன்றுமே இல்லை. 50 மீட்டருக்கு அது வேறு ஊர்.

## ஆழத்துக்கு ஒரு கேபிள், மேலுக்கு ஒரு கேபிள்

கப்பலில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள்: மேலே உள்ளது வேண்டுமா, கீழே உள்ளது வேண்டுமா, முதலில் முடிவுசெய். எல்லா அளவுகளும் அதிலிருந்து வரும். உதாரணத்துக்கு, கேபிளை எவ்வளவு ஆழத்தில் இழுப்பது? பாறையிலிருந்து மேலேறி வரும் ஒலி கேபிளைத் தொட்டுவிட்டு, கடல்பரப்பில் மோதித் தலைகீழாகித் திரும்பி வந்து மறுபடி கேபிளைத் தொடுகிறது. இந்த இரண்டாம் வருகையைத் துறையில் ‘கோஸ்ட்’ என்பார்கள். இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். கேபிள் 8 மீட்டரில் இருந்தால் சுமார் 94 ஹெர்ட்ஸில் ஓட்டை விழும். அதற்குக் கீழே உள்ள நுண்மையெல்லாம் கிடைக்கும், ஆனால் 5, 6 ஹெர்ட்ஸ் போன்ற கனத்த ஒலி மெலிந்துபோகும், அலையின் இரைச்சலும் அதிகம். 25 மீட்டருக்கு இறக்கினால் கனத்த ஒலி நன்றாக வரும், ஓட்டை 30 ஹெர்ட்ஸிலேயே விழுந்துவிடும். மேல் அடுக்குகளுக்கு நுண்மையான ஒலி தேவை: நொடிக்கு 2000 மீட்டர் வேகப் பாறையில் 100 ஹெர்ட்ஸ் இருந்தால் 5 மீட்டர் தடிமனைப் பிரித்துப் பார்க்கலாம். ஆழத்துக்குக் கனத்த ஒலி தேவை. அதுதான் தேயாமல் போய்த் திரும்பும். ஆக, ஒரு கேபிளை வைத்து இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்க முடியாது என்பது பாடம்.

அந்தப் பாடம் நான் துறையில் இருக்கும்போதே பழசாகிவிட்டது. 2007-ல் அழுத்தத்தையும் நீர்த்துகளின் அசைவையும் சேர்த்து அளக்கும் கேபிள் சந்தைக்கு வந்தது. அசைவுக்குத் திசை உண்டு; மேலே போகும் ஒலி எது, கீழே வரும் ஒலி எது என்று பிரித்துவிடலாம். கேபிளை ஆழத்தில், அலை தொடாத அமைதியில் இழுத்தும் நுண்மையை இழக்க வேண்டியதில்லை. 2010 வாக்கில் இன்னொரு வழி வந்தது: கேபிளைத் தலைப்பக்கம் மேலாகவும் வால்பக்கம் ஆழமாகவும் வளைத்து இழுப்பது. ஒவ்வொரு ஹைட்ரோஃபோனுக்கும் ஓட்டை வேறு வேறு அதிர்வெண்ணில் விழுவதால், ஒன்றில் போனதை மற்றொன்றிலிருந்து மீட்டுவிடலாம். எளிமையான யோசனை. முதன்முதலில் அந்தப் பதிவுகளைப் பார்த்தபோது, 3 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் ஒரே படத்தில் இருந்தது எனக்கு நம்ப முடியாத சந்தோஷத்தைக் கொடுத்தது.

வெடிப்புகளின் இடைவெளியிலும் இதே இழுபறிதான். மேல் அடுக்குக்கு 12.5 மீட்டருக்கு ஒரு வெடிப்பு வேண்டும். கப்பல் நாலரை நாட் வேகத்தில் போனால் அது ஐந்தரை நொடிக்குள் வந்துவிடும். ஆழ இலக்கின் எதிரொலிக்கோ எட்டு நொடி காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் காத்திருப்போம். 2008-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் குஸ் பெர்க்ஹவுட், வெடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் விழட்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று எழுதினார். ஒவ்வொரு வெடிப்பையும் சில நூறு மில்லிநொடி முன்னே பின்னே, ஒழுங்கில்லாமல் தள்ளி வைத்தால் போதும். அடுத்த வெடிப்பின் ஒலி வரிசையாக நிற்காமல் சிதறிவிடும், கணக்கு அதைக் களையெடுத்துவிடும். கல்யாண வீட்டுச் சத்தத்திலும் நம் பெயரை யாராவது கூப்பிட்டால் காதில் விழுகிறதே, அது மாதிரி.

## கேபிளுக்கு மேலே கப்பல்

இவ்வளவு வந்தும் என் 450 மீட்டர்க் கோடு போகவில்லை. அது அதிர்வெண்ணின் சிக்கலே இல்லை. நிற்கும் இடத்தின் சிக்கல். பேரன்ட்ஸ் கடலே அதற்கு ஒரு முடிவு கேட்டது. 2013-ல் அங்கே விஸ்டிங் என்ற எண்ணெய்ப் படுகையைக் கண்டுபிடித்தார்கள். கடல் ஆழம் சுமார் 400 மீட்டர், எண்ணெய் இருக்கும் மணற்கல் கடலடிக்கு வெறும் 250 மீட்டர் கீழே. அந்தச் செய்தியைப் படித்த அன்று பெரியவரின் “முதல் 300 மீட்டர்” ஞாபகம் வந்தது. இலக்குக்குப் போகும் வழியில் கடந்துபோகிற இடம் என்று நாங்கள் நினைத்திருந்த ஆழத்தில் இலக்கே உட்கார்ந்திருந்தது.

2017-ல் அதே கடலின் லொப்பா மேட்டில் லுண்டின் என்ற எண்ணெய் நிறுவனமும் சிஜிஜி என்ற சீஸ்மிக் நிறுவனமும் சேர்ந்து செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். ‘டாப்சைஸ்’ என்று அதற்குப் பெயர். அந்தப் பகுதியில் கோஹ்தா, ஆல்டா என்ற இரண்டு எண்ணெய்க் கண்டுபிடிப்புகள் இருந்தன. அரிப்பில் குகையும் பொந்துமான பழைய சுண்ணாம்புப் பாறை, மேலே கெட்டியான கடலடி. ஒரு கப்பல் கேபிள்களை நல்ல ஆழத்தில் இழுத்துக்கொண்டு போகிறது. இன்னொரு கப்பல் கன்களோடு, அந்தக் கேபிள்களின் நேர் மேலேயே போகிறது. கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் குனிகிறது! கன்னுக்கு நேர் கீழேயே ஹைட்ரோஃபோன். முன்னும் பின்னும் இருபக்கமும் கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்திலிருந்து தூரங்கள் கிடைக்கின்றன. கடலில் இருந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன துணிச்சல் என்று. கேபிள் மேலே கப்பல் போவது எங்களுக்கெல்லாம் கெட்ட கனவு. குறுக்கே வரும் மீன்பிடிப் படகைப் பார்த்தாலே கண்காணிப்பு அறையில் மூச்சு நின்றுவிடும். கோடிக்கணக்கில் விலைபோகும் கேபிள் மேலே ஒரு கப்பலை வேண்டுமென்றே ஓட்ட ஒப்புக்கொண்ட மாலுமிகளுக்கு என் வணக்கம்.

இரண்டு கப்பல் என்றால் செலவு அதிகம். எல்லா இடத்துக்கும் அது கட்டுப்படியாகாது. அதற்கு நடுவில் ஒரு வழியாக, ஒரே கப்பலிலேயே மூன்று, நான்கு, ஐந்து கன் தொகுதிகளைப் பக்கவாட்டில் அகலமாக விரித்து இழுக்கிறார்கள். ஓரத்துக் கேபிளுக்கும் பக்கத்தில் ஒரு கன் இருக்கும். என் பன்னிரண்டு கேபிளுக்கு அன்று அப்படி இருந்திருந்தால் கோரைப்பாய் வந்திருக்காது.

## ஆற்றுத்தடமும் பள்ளமும்

இதுவரை சொன்னதெல்லாம் மேல் அடுக்குக்காக மேல் அடுக்கு என்ற கணக்கில்தான். என் மனதை உண்மையில் மாற்றியது வேறு. அந்தப் பழைய பதிவை சில வருஷம் கழித்து மறுபடி கணினியில் படமாக்கும் வேலை எனக்கே வந்தது. இந்தமுறை, பலமுறை மோதித் திரும்பும் எதிரொலிகளை அழிக்காமல் பயன்படுத்திப் பார்த்தோம். கடலடிக்கும் கடல்பரப்புக்கும் நடுவே ஒலி பந்துபோலக் குதித்துக்கொண்டிருக்கும். காலம் பூராவும் அதைக் குப்பை என்று ஒதுக்கியே பழகியிருந்தோம். ஆனால் கடல்பரப்பில் மோதிக் கீழே திரும்பும் ஒலி, அந்த இடத்தில் ஒரு புதுக் கன் வெடித்ததற்குச் சமம். ஒவ்வொரு ஹைட்ரோஃபோனும் ஒரு கன்னாக ஆகிவிடுகிறது. பக்கத்துக் கேபிள் 75 மீட்டரில் இருக்கிறது. 440 எங்கே, 75 எங்கே. கோடுகள் முழுக்கப் போய்விடவில்லை, மங்கிவிட்டன. துண்டு துண்டாகத் தெரிந்த வளைவு ஒரே தடமாகச் சேர்ந்தது: பனிக்காலத்தில் அறுத்த கால்வாய், சேறும் மணலும் நிரம்பியது, சுமார் 40 மீட்டர் தடிமன்.

அப்புறம் ஆழ இலக்கின் வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அன்று பெரியவர் தலையசைத்த அதே இலக்கு. அதில் நாங்கள் ஒரு வளைந்த பள்ளம் வரைந்திருந்தோம். பள்ளம் கால்வாய்க்கு நேர் கீழே, அதே வளைவில் போனது. இரண்டு கிலோமீட்டர் இடைவெளி, ஒரே வளைவு. கணக்கு இதுதான்: நிரம்பிய சேற்றில் ஒலி நொடிக்கு 1800 மீட்டர், சுற்றியுள்ள பாறையில் 3000. போக வர 80 மீட்டரில் 18 மில்லிநொடி தாமதம். அந்தத் தாமதத்தைத் தெரியாமல் ஆழத்தில், 4000 மீட்டர் வேகப் பாறையில் கொண்டுபோய் வைத்தால் சுமார் 35 மீட்டர் பள்ளமாகத் தெரியும். அழகாக வந்திருக்கிறது என்று நான் பெருமைப்பட்ட ஆழப் படத்தில், பார்க்காமல் விட்ட மேல் அடுக்கு தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

இதைத் துறை எப்போதோ பார்த்திருக்கிறது. வட கடலில் வால்ஹால் என்ற படுகை. கடல் ஆழம் 70 மீட்டர்தான், ஆனால் இலக்குக்கு மேலே ஒரு வாயுப் படலம் புகைமாதிரி நின்று எல்லாவற்றையும் மறைத்தது. 2003-ல் கடலடியிலேயே நிரந்தரமாகக் கேபிள் பதித்தார்கள். அந்தப் பதிவை வைத்து, லோரன் சீர்க் என்பவரும் அவர் குழுவும் 2010 வாக்கில் ஒரு வேலை செய்தார்கள். ஆல்பர்ட் தரன்தோலா 1984-ல் எழுதிவைத்த கணக்கு அது: எதிரொலியை மட்டும் எடுக்காமல், பதிவான முழு அலையையும் கணினியில் திரும்ப உண்டாக்கி, இரண்டும் பொருந்தும்வரை பாறையின் வேகத்தைத் திருத்திக்கொண்டே போவது. 150 மீட்டர் ஆழத்தில் பனிக்காலக் கால்வாய்கள் கொடிமாதிரி வெளியே வந்தன. 1050 மீட்டரில் வாயுப் படலத்தின் விரல்கள் வந்தன. அந்த வேகங்களை வைத்து மறுபடி படம் எடுத்தபோது அவற்றுக்கு அடியில் இருந்த இலக்கும் தெளிந்தது. அந்த முறைக்குத் தூரமும் வேண்டும்: பாறைக்குள் வளைந்து திரும்பும் ஒலி, கன்னுக்கும் ஹைட்ரோஃபோனுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போனாலே அதிகம். ஆக, கிட்டவும் வேண்டும், எட்டவும் வேண்டும், கனத்த ஒலியும் வேண்டும்.

ஆழத்துக்கு ஓர் ஆய்வு, மேலுக்கு இன்னோர் ஆய்வு, வேறு கப்பல், வேறு வருஷம், வேறு பட்ஜெட், ஒருவர் படத்தை ஒருவர் பார்க்காத இரண்டு குழு. இந்த ஏற்பாடு எனக்கு இனி ஒப்பவில்லை. ஆழத்துக்குப் போகும் ஒவ்வொரு ஒலியும் மேல் அடுக்கை இரண்டுமுறை கடக்கிறது. செலவைச் சொல்பவர்களிடம் கடலைப் பற்றியும் சொல்கிறேன். நார்வேயில், அந்தப் பகுதியின் மீன்பிடிக்குத் தேவைப்பட்டால், மீன்பிடி தெரிந்த ஒருவர் சீஸ்மிக் கப்பலில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் கப்பலில் இருந்தவர் முன்னாள் மீனவர். ஒவ்வொரு வரிசை முடியும்போதும் “இதே இடத்துக்கு இன்னொருவர் வருவாரா?” என்று கேட்பார். வருவார் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரே பயணத்தில் இரண்டையும் எடுத்தால் அந்தக் கடலில் ஒருமுறை சத்தம் போட்டால் போதும்.

இப்போது திட்டக் கூட்டங்களில் நான் முதலில் திரையில் போடுவது ஓர் அட்டவணை: ஒவ்வொரு கேபிளின் முதல் ஹைட்ரோஃபோன் எத்தனை மீட்டரில், கடலடியை எத்தனை டிகிரியில் தொடுகிறது, அதற்கு 50 மீட்டர் கீழே எத்தனை டிகிரி. இலக்கு இதில் இல்லையே என்று யாராவது கேட்பார்கள். கால்வாயையும் பள்ளத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த படம் அடுத்து வரும்.

அந்தப் படத்தைப் பெரியவருக்கும் அனுப்பினேன். ஓய்வுபெற்று, வட நார்வேயில் ட்ரோம்சோ பக்கம் இருக்கிறார். நன்றி சொல்லி, கால்வாய் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: “கிழக்குக் கரை வளைவில், 600 மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பிரகாசமான புள்ளி இருக்கிறதே, அது வாயுவா?” அந்த இடத்தில் கன்னுக்குக் கிட்டே எடுத்த பதிவு எங்களுக்குக் குறைவு, பன்னிரண்டாம் கேபிளின் பட்டை. மூன்று வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.